வாடகை வீடு, நாய் பூனைக்கு அனுமதி இல்லை: ஒன்பது வயதுப் பெண்ணுக்கு என்ன வாங்கித் தரலாம்?

மடிப்பாக்கம் தேவி:
அனைவருக்கும் வணக்கம். மகளுக்கு ஒன்பது வயது. நாய்க்குட்டி வேண்டும் என்று ஓராண்டாக நச்சரிக்கிறாள். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடியில், வாடகைக்கு. நாய், பூனை கூடாது என்று வீட்டு உரிமையாளர் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிட்டார். கணவரும் நானும் காலையில் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவோம். மாமியார் வீட்டில் இருக்கிறார். முழங்கால் வலி, குனிந்து நிமிர முடியாது. பொங்கலுக்கும் மே மாதத்திலும் தஞ்சாவூர்ப் பக்கம் ஊருக்குப் போய்விடுவோம். எனக்குத் தூசு ஒவ்வாமை உண்டு.

மகள் ஒரு பட்டியல் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறாள். ஹாம்ஸ்டர், கினிப் பன்றி (இரண்டும் எலி மாதிரிச் சிறு பிராணிகளாம்), குட்டி ஆமை, லவ் பேர்ட்ஸ், கடைசியில் மீன். மீனைத் தூக்கிக் கொஞ்ச முடியாதாம், அதனால் கடைசி. மாமியாரோ கிளிதான் என்கிறார். அவர் பிறந்த வீட்டுத் திண்ணையில் எப்போதும் ஒரு கூண்டு தொங்குமாம். வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் ரவி:
லவ் பேர்ட்ஸ் ஒரு ஜோடி வாங்குங்கள். தினை, தண்ணீர், முடிந்தது வேலை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

நெல்லை வழக்குரைஞர்:
கிளியை முதலில் மறந்துவிடுங்கள். பச்சைக்கிளி 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மைனா, சில்லை, அணில் எதையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. "கூண்டிலேயே பொரித்தது" என்று கடைக்காரர் சொல்வது சட்டத்தின் முன் செல்லாது. சந்தைக்கு வரும் கிளிக்குஞ்சுகள் பெரும்பாலும் மரப்பொந்திலிருந்து எடுத்தவை, வழியிலேயே பல செத்துப்போகின்றன.

லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜ்ரிகர் ஆஸ்திரேலியப் பறவை. அதற்கும் கொண்டை வைத்த கிளியினமான காக்கட்டீலுக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சன் கான்யூர் கிளி, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, இகுவானா என்னும் பெரிய பல்லி, பந்து மலைப்பாம்பு ஆகியவற்றை வளர்ப்பவர்கள் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024இல் வந்தன. "காகிதம் பிறகு தருகிறேன்" என்று எவராவது சொன்னால் அங்கிருந்து நடையைக் கட்டுங்கள்.

புதுப்பேட்டை ஹமீது:
கோழியைக் கூண்டில் அடைக்கலாம், கிளியை அடைக்கக் கூடாது. நல்ல நியாயம். எங்கள் பகுதியில் மூன்று தலைமுறையாகக் கிளி வளர்த்தவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைக்குச் சோறு ஊட்டும் முன் கிளிக்கு ஊட்டுவார்கள். அவர்களெல்லாம் குற்றவாளிகளா?

நெல்லை வழக்குரைஞர்:
ஹமீது அவர்களே, பாசத்தை யார் மறுத்தார்கள்? கோழி பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதனோடு இருக்கிறது, முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து நம் கண் முன்னே பெருகுகிறது. கிளிக்கான தேவையைக் காடுதான் ஈடுகட்டுகிறது. அவ்வளவுதான் வேறுபாடு, ஆனால் பெரிய வேறுபாடு.

மயிலை மங்களம்:
தேவி, உன் மாமியாரிடம் இதைச் சொல். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையில் இருப்பதே இலையால் கட்டிய கிளிதான். மாதுளம்பூவில் மூக்கு வைத்து ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்கிறார்கள். ஆண்டாளுக்குப் போதுமானது நமக்குப் போதாதா? தஞ்சாவூர்க்காரர் என்றால் இதற்கு எதிர்வாதமும் வைத்திருப்பார், அது வேறு.

தள நெறியாளர்:
நட்சத்திர ஆமை விற்பனைக்கு இருக்கிறது, தனி மடலில் வரவும் என்று வந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். நட்சத்திர ஆமை முதல் அட்டவணை விலங்கு. விற்றாலும் வாங்கினாலும் குறைந்தது மூன்றாண்டு சிறை. அந்தக் கணக்கு முடக்கப்பட்டது.

சூரிச் குகன்:
அக்கா, எங்கள் வீட்டில் கினிப் பன்றிகள் இருக்கின்றன, மகள்மாரின் செல்லங்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் போதும், இரண்டும் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று வீக், வீக் என்று கத்தும். பிளாஸ்டிக் பை சரசரத்தாலும் அப்படியே. கொத்தமல்லித் தழையைக் கண்டால் தலைகால் தெரியாது. கடிக்கிற பழக்கம் மிகக் குறைவு, அதனால் பிள்ளைகளுக்கு நல்லது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இங்கே சுவிஸில் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி கினிப் பன்றியைத் தனியாக வைத்திருக்கக் கூடாது. கூட்டமாக வாழும் பிராணி, தனிமையில் ஏங்கிப்போகும். ஒன்று இறந்துவிட்டால் மிஞ்சியதற்குத் துணையாக இன்னொன்றை வாடகைக்குத் தருகிறவர்கள்கூட இருக்கிறார்கள். இல்லையென்றால் புதிது புதிதாக வாங்கிக்கொண்டே போக வேண்டியதுதான், முடிவே இராது. ஊரில் வாங்கினாலும் இரண்டாக வாங்குங்கள். கடைக்காரர் ஆண் பெண் பார்த்துத் தருவார் என்று நம்பிவிடாதீர்கள். சினைக்காலம் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல், குட்டிகள் கண் திறந்து மயிரோடு பிறந்து அன்றைக்கே ஓடும்.

பெரம்பூர் ரவி:
பெரு நாட்டில் அதைப் பொரித்துத் தின்கிறார்கள் என்று பாப்பாவிடம் சொல்லிவிட வேண்டாம்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
தேவி அம்மா, எல்லோரும் அவரவர் பிடித்ததைச் சொல்கிறார்கள். எதைக் கேட்க வேண்டுமோ அதை யாரும் கேட்கவில்லை. மே மாதம் பகல் இரண்டு மணிக்கு உங்கள் வீட்டுக்குள் என்ன வெப்பம்?

சிறிய பிராணி என்றால் சிறிய வேலை என்று நினைத்து வாங்குகிறார்கள். உடம்பு சிறிதானால் அது சாவதற்கு எடுக்கும் நேரமும் சிறிது. கினிப் பன்றிக்கு 30 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து. அது ஆண்டீஸ் மலைப்பகுதியில் பழக்கப்படுத்திய விலங்கு. வியர்க்காது, நாயைப் போல நாக்கைத் தொங்கவிட்டும் சமாளிக்காது. சூரிச் தம்பி சொன்னது எல்லாம் சரி, அவருடைய ஊரில். சென்னையில் மூன்றாவது மாடியில், மேலே தளம் கொதிக்க, மின்சாரம் போய் மின்விசிறி நின்றால், மாலையில் நீங்கள் வீடு திரும்பும்போது ஒன்றும் மிஞ்சியிருக்காது. வளர்த்தே தீர வேண்டும் என்றால் வீட்டிலேயே குளிர்ச்சியான மூலை, படுத்துக்கொள்ளப் பக்கவாட்டில் சாய்த்து வைத்த மண்பானை, ஈரச் சாக்கு, இவற்றைக் கவனிக்க நாள் முழுவதும் ஒரு ஆள். முழங்கால் வலிக்கும் பாட்டி அந்த ஆள் அல்ல.

இன்னொன்று. நம்மைப் போலவே கினிப் பன்றியின் உடம்பும் வைட்டமின் சியைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வெறும் கடைத் தீவனம் போட்டு வளர்த்தவற்றை மூட்டு வீங்கி, ஈறு கசிந்த நிலையில் தூக்கி வருவார்கள். பார்த்தாலே ஸ்கர்வி என்று தெரியும். குடைமிளகாய், கொத்தமல்லி, கொஞ்சம் நெல்லிக்காய் என்று தினமும் ஏதாவது கொடுத்தாக வேண்டும். பற்கள் வாழ்நாள் முழுவதும் வளரும், அதைத் தேய்க்க நாள் முழுவதும் புல் கடிக்க வேண்டும். அந்தப் புல்லின் தூசு உங்களுக்கு ஆகாது.

ஹாம்ஸ்டர் சாதுவாகத் தெரியும். ஆனால் அது இரவில் விழிக்கும் பிராணி. பாப்பா பள்ளியிலிருந்து வந்து கையில் எடுக்கும் நேரம் அதற்கு நடுநிசி. தூக்கத்தில் தொட்டால் கடிக்கும், அது அதன் குற்றமல்ல. பாப்பா படுத்த பிறகு எழுந்து விடியும்வரை சக்கரத்தில் ஓடும். நீங்கள்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பீர்கள். சிரிய ஹாம்ஸ்டரை ஒரு கூண்டில் இரண்டாக வைத்தால் ஒன்று மற்றதைக் குதறிவிடும். கடைகளில் ஜோடி என்று கொடுப்பார்கள், வாங்காதீர்கள். இரண்டு, மிஞ்சினால் மூன்று ஆண்டு ஆயுள். (கடைகளில் இருக்கும் சிரிய ஹாம்ஸ்டர்களின் வம்சம் பெரும்பாலும் 1930இல் அலெப்போ அருகே ஒரு வளையிலிருந்து தோண்டி எடுத்த ஒரே குடும்பத்திலிருந்து வந்தது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி, இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

ஆமையைப் பற்றி இன்னும் கோபமாக எழுத வேண்டும். சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

தாம்பரம் கீதா:
மருத்துவர் ஐயா, என் மகனுக்கும் ஆமைதான் வேண்டுமாம். காதருகே சிவப்புக் கோடு, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவு அழகு. ஐயா சாப்பிட்டுவிட்டு வரும்வரை காத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
அந்த நாணயம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். சிவப்புக் காது ஆமை அமெரிக்காவின் மிசிசிப்பி பக்கத்து நீர்வாழ் ஆமை. ஓடு 25 சென்டிமீட்டரைத் தாண்டும், முப்பது ஆண்டு வாழும். இன்று ஒன்பது வயதுப் பெண் வாங்கினால் அவள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் காலத்திலும் அது இருக்கும். அதற்குப் பெரிய தொட்டி, வடிகட்டி, ஏறி வெயில் காய ஒரு மேடு, புற ஊதா விளக்கு எல்லாம் வேண்டும். கடையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் அதன் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தென்னை மரமும் தருவார்கள். வெயில் இல்லாமல் ஓடு மெழுகாக இளகிப்போகும்.

சால்மோனெல்லா கிருமி ஆமையின் மேல் இயல்பாகவே இருக்கும். பிள்ளைகள் ஆமையைத் தொட்ட கையை வாயில் வைத்து நோயாளியானதால்தான் அமெரிக்காவில் 1975லேயே நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டார்கள். அந்த நாட்டு ஆமைக்கு அந்த நாட்டிலேயே அந்த நிலை.

வளர்ந்த பிறகு என்ன செய்கிறார்கள்? கோயில் குளத்தில் விட்டுப் புண்ணியம் தேடிக்கொள்கிறார்கள். உலகின் மிக மோசமான நூறு ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இது இருக்கிறது. நம் குளத்து ஆமைக்கு இரையும் இல்லை, வெயில் காய இடமும் இல்லை என்று ஆகிவிடும்.

தாம்பரம் கீதா:
சரி ஐயா. மகனிடம் நீங்களே பேசுகிறீர்களா?

புதுப்பேட்டை ஹமீது:
மருத்துவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் இப்படியே போனால் பாப்பாவுக்குக் கல்லும் மண்ணும்தான் மிஞ்சும். பட்ஜ்ரிகரில் என்ன குறை? வெயிலில் பிறந்த பறவை, சென்னையைத் தாங்கும். மூக்குக்கு மேலே இருக்கும் மெத்தென்ற பட்டை நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண். வளர்ந்த பறவையில் சாதாரண நிறங்களுக்கு இது பொருந்தும். கூண்டு உயரமாக இருப்பதைவிட நீளமாக இருக்க வேண்டும், பறவை குறுக்கேதான் பறக்கும், லிஃப்டில் போவதில்லை. கடையில் கூண்டோடு ஒரு சின்ன மண்பானையைக் கட்டிக் கொடுப்பார்கள், அது முட்டையிடுவதற்கு. குஞ்சு வேண்டாம் என்றால் அன்றைக்கே பானையைக் கழற்றிவிடுங்கள். ஒரே ஜோடி ஓராண்டில் வீட்டை நிரப்பிவிடும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு வையுங்கள், நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கிடைக்கும்.

எங்கள் தெருவில் புறாவுக்கு அடுத்தபடி இதைத்தான் வளர்க்கிறார்கள். வீட்டுக்குள் பறக்க விடும்போது மின்விசிறியை அணையுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
ஹமீது தம்பி சொன்னவை எல்லாம் சரி. நான்-ஸ்டிக் தோசைக்கல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுப்பில் வெறுமனே காய்ந்து சூடேறினால் அதிலிருந்து வரும் ஆவி நமக்கு மணக்கக்கூட மணக்காது, பக்கத்து அறையில் இருக்கும் பறவை சில நிமிடங்களில் கீழே விழுந்து செத்துவிடும். சமையலறையை ஒட்டிக் கூண்டு மாட்டுகிறவர்கள் இரும்புக் கல்லுக்கு மாறுங்கள்.

ஆனால் தேவி அம்மாவுக்குத் தூசு ஒவ்வாமை. பறவையின் இறகுத் துகள் சாதாரணத் தூசு அல்ல. காக்கட்டீலும் புறாவும் மாவு மாதிரி உதிர்க்கும். நீண்ட நாள் புறா வளர்ப்பவர்களுக்கு வரும் நுரையீரல் நோய் ஒன்று மருத்துவ நூல்களிலேயே இருக்கிறது. பட்ஜ்ரிகர் கூண்டிலிருந்தும் அது வரலாம். முதலில் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள், பிறகு கூண்டு வாங்குங்கள்.

மடிப்பாக்கம் தேவி:
அப்படியானால் பட்டியலில் மீன் மட்டும்தான் மிச்சம். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். நேற்று பள்ளி வாசலில் ரோஸ் நிறக் கோழிக்குஞ்சு விற்றார்களாம், அதையாவது வாங்கித் தா என்கிறாள்.

மயிலை மங்களம்:
வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் முட்டைப் பண்ணையில் வேண்டாம் என்று ஒதுக்கிய சேவல் குஞ்சுகள் அவை, அதற்கு மேல் சாயம். பத்தில் பாதி வாரத்துக்குள் போய்விடும். போகாதது இன்னும் பெரிய தலைவலி. எங்கள் அடுக்குமாடியில் ஒன்று பிழைத்து வெள்ளைச் சேவலாகி, விடிய நேரம் இருக்கும்போதே கூவத் தொடங்கியது. சங்கக் கூட்டத்தில் அதற்காகத் தீர்மானம் போட்டார்கள்.

கொளத்தூர் மீன்காரர்:
மீனைக் கடைசி இடத்தில் வைத்த பாப்பாவுக்காக எழுதுகிறேன். எங்கள் தொழிலே இதுதான், கொளத்தூரில் தெருவுக்குத் தெரு இதே தொழில். ஆகையால் நான் மீனுக்குப் பரிந்து பேசுவேன் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே படியுங்கள்.

உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் வேண்டாம். அதில் தங்கமீனைப் போட்டுக் கொடுக்கிறவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள், வெட்கக்கேடு. தங்கமீன் ஒரு சாண் வளரும், பத்தாண்டுக்கு மேல் வாழும், கழிவும் மிக அதிகம். நீங்கள் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி வாங்குங்கள். ஐம்பது லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். கண்ணாடி, மணல் எல்லாம் சேர்த்தால் எழுபது கிலோவை நெருங்கும். சுவர்ப் பலகையில் வைத்துவிடாதீர்கள், மேசை உறுதியாக இருக்கட்டும். வெயில் நேராக விழும் சன்னலும் கூடாது, பாசி பிடிக்கும்.

இப்போது முக்கியமான கட்டம். தொட்டி வாங்கிய அன்றைக்கே மீன் வாங்காதீர்கள். மீனின் கழிவு அம்மோனியாவாகும், அது நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வடிகட்டியின் பஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாத தொட்டியை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகைத் தீவனம் போட்டு அழுக விடுங்கள். வாங்கி ஒரு வாரத்தில் எல்லாம் செத்துவிட்டது, மீன் ராசியில்லை என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த வாரங்களைத் தாண்டிக் குதித்தவர்கள்தான். அந்தப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசக் கூடாது, குளோரின் அத்தனை பாக்டீரியாவையும் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரையே ஒரு குவளையில் எடுத்து அதில் பிழியுங்கள்.

மடிப்பாக்கம் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் கடினத்தன்மை கூடுதலாக இருக்கும், வாளியில் வெள்ளை படியும். கப்பி, மாலி, ப்ளாட்டி என்னும் சிறு மீன்கள் மூன்றுக்கும் அதுதான் கொண்டாட்டம். லாரித் தண்ணீர் என்றால் குளோரின் போக்கும் சொட்டு மருந்து போட்டே ஊற்றுங்கள். கப்பியில் ஆண்களை மட்டும் வாங்குங்கள், அவைதான் வண்ணம் மிக்கவை. பெண் ஒன்று வந்தாலும் போதும், ஏற்கெனவே சேர்ந்திருந்தால் மாதாமாதம் குட்டி போடும். ஒரு முறை சேர்ந்ததை வைத்தே பல மாதம் போடும்.

கொஞ்ச முடியாது என்றாள் அல்லவா? தனியாக ஒரு ஃபைட்டர் மீன் வையுங்கள், இருபது லிட்டராவது பிடிக்கும் மூடியுள்ள தொட்டியில். தினமும் ஒரே ஆள் தீவனம் போட்டால் அவர் வந்ததும் கண்ணாடிக்கு ஓடி வரும். விரலை இடமிருந்து வலமாக நகர்த்தினால் பின்னாலேயே போகும். மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்குவதைப் பாப்பா பார்க்கட்டும். செவுளோடு கூட அதற்குக் காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு இருக்கிறது. அதனால் குறைந்த தண்ணீரே போதும் என்று விற்பார்கள். மூச்சுத்தான் விடும், வாழாது.

சூரிச் குகன்:
மூச்சுத்தான் விடும், வாழாது. இதை எங்கள் அடுக்ககத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் போலிருக்கிறது, மனிதர்களுக்கு.

நாகர்கோவில் டீச்சர்:
தொட்டி தயாராகும்வரை ஒரு மாதத்துக்கு மேல் பாப்பா சும்மா இருக்க மாட்டாள். ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வாங்கிப் பால்கனியில் வையுங்கள். நான் எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்புக்குச் செய்வது இதைத்தான்.

கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து இளந்தளிரில் ஒற்றை ஒற்றையாக மஞ்சள் முட்டை வைத்துவிட்டுப் போகும். கசகசா அளவுதான், உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். பொரித்த புழு பார்ப்பதற்குப் பறவை எச்சமாகவே இருக்கும், கறுப்பில் வெள்ளைத் தீற்றல், பளபளப்பு உட்பட. வளர்ந்து கடைசித் தோலை உரித்ததும் ஒரே நாளில் பச்சையாகிவிடும். அப்போது துடைப்பக் குச்சியால் மெதுவாகத் தொடச் சொல்லுங்கள். தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பு நீண்டு, அழுகிய எலுமிச்சை நாற்றம் அடிக்கும். பிள்ளைகள் அலறிவிட்டு இன்னொரு முறை தொடலாமா என்று கேட்பார்கள்.

மூன்று வாரம் போல் தின்னும், பிறகு ஒரு குச்சியில் இடுப்பில் நூல் கட்டிச் சாய்ந்து கூட்டுப்புழுவாகும். பத்து நாள் பொறுத்தால் இறக்கை. சில கூட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு குட்டிக் குளவி வெளியே வரும். அதையும் மறைக்காமல் காட்டுங்கள், என் வகுப்பில் அதிகக் கேள்வி வந்தது அதற்குத்தான். நாற்றுப் பண்ணையில் மருந்து அடித்திருப்பார்கள், புதுத் தளிர் விடும்வரை சில வாரம் காத்திருங்கள், அல்லது மருந்தடிக்காத வீட்டுச் செடியிலிருந்து கிளை ஒடித்து வாருங்கள்.

பெரம்பூர் ரவி:
புழுவெல்லாம் செல்லப் பிராணியா? சாம்பாருக்குக் கறிவேப்பிலை மிஞ்சுமா என்று பாட்டியைக் கேட்டீர்களா?

நாகர்கோவில் டீச்சர்:
மிஞ்சாது. அதனால்தான் இரண்டு தொட்டி.

மடிப்பாக்கம் தேவி:
எல்லோருக்கும் நன்றி. ஒவ்வாமை மருத்துவரும் பறவை வேண்டாம் என்றே சொல்லிவிட்டார். இரண்டடித் தொட்டி கூடத்து மேசையில் ஏறிவிட்டது, மீன் இன்னும் இல்லை. வெறும் தண்ணீருக்குத் தீவனம் போடுகிறோம் என்று பக்கத்து வீட்டில் சிரிக்கிறார்கள். மாமியார் தன் நாற்காலியை அதன் எதிரே போடச் சொல்லியிருக்கிறார், கிளி பேச்சு அடங்கியிருக்கிறது, அடியோடு போகவில்லை. எதிர்வீட்டுச் செடியிலிருந்து கறிவேப்பிலைக் கிளையோடு வந்த புழுவுக்கு மகள் "முறுக்கு" என்று பெயர் வைத்திருக்கிறாள்.

ஒரு கேள்வி மட்டும். மே மாதம் பத்து நாள் ஊருக்குப் போவோம். மீன் வந்த பிறகு அந்த நாட்களில் என்ன செய்வது? தானியங்கித் தீவனப் பெட்டி வாங்கவா? விடுமுறைக்கென்று வெள்ளைக் கட்டி ஒன்றும் விற்கிறார்களே?

கொளத்தூர் மீன்காரர்:
அந்தக் கட்டி வேண்டாம், கரைந்து தண்ணீரைக் கலக்கிவிடும். தானியங்கிப் பெட்டி நம் ஊர் ஈரக்காற்றில் தீவனம் கட்டிபிடித்து அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் மொத்தமாகக் கொட்டிவிடும். வளர்ந்த கப்பி நான்கைந்து நாள் பட்டினி தாங்கும். கிளம்பும் முன் கால்வாசித் தண்ணீரை மாற்றிவிட்டு, கீழ்வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்து இரண்டு நாளுக்கு ஒரு முறை போடச் சொல்லுங்கள். ஆனால் தீவன டப்பாவை அவரிடம் கொடுக்காதீர்கள். பாவம், பசிக்குமே என்று ஒரு கரண்டி போடுவார். ஒரு வேளைக்கு ஒரு சிட்டிகை வீதம் விபூதிப் பொட்டலமாக மடித்து, மேலே தேதி எழுதிக் கொடுத்துவிட்டு, டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.